குழியின் வாய், குழாயின் வாய்

லுங்கேஷி முகாம்
5 செப்டம்பர் 1974, வியாழன்

குரங்கு தின்னி ப்ரிஸ்காவுக்கு,

எலி தின்னி ஜைரோஸ் ஷாவா எழுதுவது. நலம். நீ கிட்வேயில், கல்கிடங்கின் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து, நான் அனுப்பும் கற்களுக்கு எண் ஒட்டி டைப் அடித்துக்கொண்டிருப்பாய். நான் இங்கே கடவுள் கைப்பட எழுதிய பக்கத்தை நேரிலேயே படித்துக்கொண்டிருக்கிறேன். தாராளமாகப் பொறாமைப்படு.

மூன்றாவது குழி இருநூற்று முப்பத்தொரு மீட்டர் இறங்கிவிட்டது. ஓடை வற்றிவிட்டதால் குழி துளைக்கும் ரிக்குக்குத் தண்ணீர் டிராக்டரில் வருகிறது. அது வரும் நாளில் வேலை, வராத நாளில் தூக்கம். ஆனால் மூன்று மீட்டர்க் குழாய்க்குள் உருளையாக ஏறி வரும் கல்லைப் பார்த்தால் தூக்கம் போய்விடும். கருஞ்சாம்பல் களிப்பாறை. அதில் ஒரு மீட்டருக்கு நூறு வரி. எண்பது கோடி வருஷத்துக்கு முன் இங்கே ஒரு கடற்கரை இருந்திருக்கிறது, ப்ரிஸ்கா. ஒரு துண்டில் மழைத்துளி விழுந்த தடம்கூட இருக்கிறது. மழையைப் பார்க்க அன்று ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

உனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷம் நான் மற்றவர்கள் கை காட்டிய இடத்தில்தான் குழி போட்டேன். நான் கை காட்டியது இந்த ஓர் இடம்தான். சுற்றிலும் காடு, நடுவில் ஒரு மரம்கூட முளைக்காத வெளி. மண்ணில் செம்பு ஏறினால் மரத்துக்கு ஆகாது என்பதை எவனும் சொல்வான். நான் அந்த வெளியின் ஓரத்துப் புற்றுகளை உடைத்து மண் எடுத்தேன். கறையான் ஈரம் தேடி ஆழத்து மண்ணை மேலே கொண்டுவருகிறது. சம்பளம் கேட்காத துளையிடும் கூட்டம் அது. அதைக் கேட்டுத்தான் குழியைக் குறித்தேன்.

தலைமைப் புவியியலாளர் ஹார்க்னெஸ் கறாராகச் சொல்லிவிட்டார். அக்டோபர் நடுவில், மழைக்கு முன், ரிக் கிளம்பிவிடும். மூன்றாவது குழி ஏதாவது சொன்னால் மட்டுமே தங்கும். ஒரு முறை கிளம்பினால் திரும்பி வராது என்று நானே எழுதித் தருகிறேன்.

பெட்டியில் கல் அடுக்கும் நம் பழைய ஆள் சாவு வீட்டுக்குப் போனவர் வரவில்லை. பதிலுக்கு சகெனி என்று இந்தப் பக்கத்து லுண்டாக்காரர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். நாற்பது வயது, காட்டில் மரப்பட்டைக் கூடு தொங்கவிட்டுத் தேன் எடுப்பவர். அவருக்கு அவர் மொழியிலேயே, ஒரே வாக்கியத்தில் தொழிலைச் சொல்லிக் கொடுத்தேன்: "ஒவ்வொரு குழாயும் ஏறினதும் கல்லக் கழுவி, வாய்ப்பக்கம் முதல்ல வர்ற மாதிரி இடது மூலையிலேர்ந்து அடுக்கிடு." அவர் தலையை ஆட்டி, "வாய்ப்பக்கம் முதல்ல. சரிங்கய்யா" என்றார். பட்டம் படித்த பையன்கள் இதையே படம் போட்டு ஒரு வாரம் விளக்குவார்கள். மொழி தெரிந்தவன் மொழி தெரிந்தவன்தான்.

ரேடியோவில் கல்லைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. மற்றக் கம்பெனிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அதனால் வாரம் ஒரு முறை ஓட்டுநர் விக்சனின் லேண்ட்ரோவர்தான் கதி. மேல் பகுதியின் மாதிரிகளை அவனிடம் கொடுத்திருக்கிறேன். எண்களை மாற்றி ஒட்டிவிடாதே. குரங்கு கையில் பூமாலை என்பது உன் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னதுதான்.

உன் குலத்தை வென்ற குலத்தவன்,
ஜைரோஸ்


கிட்வே
9 செப்டம்பர் 1974, திங்கள்

எலி தின்னி ஜைரோசுக்கு,

வென்றது யார் என்று உன் ந்கோனிப் பாட்டன்மாரைக் கேள். ஓடிய களைப்பில் பதில் சொல்ல மாட்டார்கள். போன நூற்றாண்டில் நம் இரு குலமும் ஈட்டியால் குத்திக்கொண்டன. அதற்கு ஈடாக இந்த நூற்றாண்டில் வாயால் குத்திக்கொள்ளும் முறையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே ஒரு சட்டம்: பெம்பாக்காரி சொன்னதற்கு ந்கோனிக்காரன் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் ஒரு கோழி. இதை இப்போதே ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் தற்பெருமை வழிந்து மேசை நனைந்துவிட்டது.

உன் கற்கள் வந்தன. ஆய்வுக்கூடத்தில் போட்டு நொறுக்குவதற்கு முன், ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஜைரோஸ், இவ்வளவு அழகான கல் இந்தக் கிடங்குக்கு வந்து எனக்கு ஞாபகம் இல்லை. உன் மழைத்துளியையும் பார்த்தேன். சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்து போகவில்லை. செம்பு கொஞ்சம்தான். ஆனால் கீழே போகப் போக ஏறுகிறது. களிப்பாறையின் காலடியில்தான் செம்பு கனமாக உட்காரும் என்பதைப் பத்தொன்பது வருஷமாக டைப் அடித்து அடித்து என் விரலுக்கே தெரியும். பாறையின் கால் இன்னும் கீழே இருக்கிறது, விடாதே.

அந்த மரமில்லாத வெளியைப் பற்றி எழுதினாயே, எத்தனையோ பேர் அறிக்கையில் அதைப் படித்திருக்கிறேன். நான் ஒரு முறைகூட அதில் நின்றதில்லை. எனக்கு நிலம் என்றால் பெட்டியில் வருவதுதான். அதனால் அடுத்த கடிதத்தில் பெருமையைக் குறைத்து வெளியைக் கூட்டி எழுது.

கூடாரத்தில் தனியாக இருக்கிறாயாம், விக்சன் சொன்னான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ப்ரிஸ்கா கபெம்ப்வா


லுங்கேஷி
19 செப்டம்பர் 1974

குரங்கு தின்னி,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

அனுமதித்த ஆழமான இருநூற்று நாற்பதில் குழி நின்றது; ஆய்வு முடிவு வரும்வரை ரிக் சும்மா. கடைசி மூன்று குழாய், அதாவது ஒன்பது மீட்டர், நான் வேறு புற்றுகளில் மண் எடுக்கப் போயிருந்தபோது ஏறியிருக்கிறது. திரும்பி வந்து பெட்டியைப் பார்க்கிறேன், வரிகள் எல்லாம் தலைகீழ்!

உனக்குப் புரியும், ஆனாலும் சந்தோஷத்தில் சொல்கிறேன். ஒரு குடத்தில் கலங்கிய ஆற்றுத் தண்ணீரை வைத்தால் முதலில் மணல் அடியில் இறங்கும், பிறகு அதன்மேல் களி படியும். பழைய கடலிலும் அப்படித்தான். ஒவ்வொரு வரியிலும் கீழே மணல், மேலே களி. இருநூற்று முப்பத்தொன்று வரை எல்லா வரியும் அப்படித்தான் இருந்தது. அதற்குக் கீழே எல்லா வரியிலும் களி கீழே, மணல் மேலே. ஒன்று தப்பவில்லை. நூற்றுக்கணக்கில்!

என்ன அர்த்தம்? நிலம் மடிந்து குப்புறப் படுத்திருக்கிறது, ப்ரிஸ்கா. போர்வையை உதறி மடிப்பதுபோல ஒரு மலையையே மடித்துப் போட்டிருக்கிறது ஏதோ ஒரு சக்தி. இந்தப் பக்கத்தில் யாரும் இப்படி ஒரு மடிப்பைக் கண்டு எழுதியதில்லை. நான் எழுதிவிட்டேன். பன்னிரண்டு பக்கம், கையால் வரைந்த படம் மூன்று. கடைசி ஒன்பது மீட்டரைப் பாதியாக அறுத்த மாதிரிகளோடு ஹார்க்னெஸுக்கு இதே வண்டியில் போகிறது. வழியில் பிரித்துப் பார்க்காதே. பார்ப்பாய் என்று தெரியும்.

சகெனியைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு சுத்தமாகக் கல் அடுக்குகிற ஆளை நான் கண்டதில்லை. துண்டுக்குத் துண்டு ஒட்டினதே தெரியாது. அவர் கழுவி வைத்த பெட்டியைப் பார்த்தால் தொடவே கூச்சமாக இருக்கிறது. நேற்று ஒரு கிண்ணம் தேன் கொண்டுவந்தார். வெளியின் ஓரத்தில் பூக்கும் ஊதாப் பூத் தேனாம். லேசான கசப்பு. நான் ரசித்துச் சாப்பிட்டேன்.

மடிப்பைக் கண்டவன்,
ஜைரோஸ்


கிட்வே
30 செப்டம்பர் 1974

ஜைரோஸ்,

பிரித்துப் பார்த்தேன். படங்கள் நன்றாக இருந்தன. சொல்லப்போனால் உன் கையெழுத்தைவிட உன் மலை அழகு. ஆனால் இப்போது நீ உட்கார வேண்டும்.

ஆய்வுக்கூடத்து முடிவு வந்தது. கடைசி ஒன்பது மீட்டரில் செம்பு, நூற்றுக்கு இவ்வளவு என்று மீட்டர் மீட்டராகச் சொல்கிறேன். முதல் குழாய்: முக்கால், அரை, கால். இரண்டாவது: ஒன்றேகால், ஒன்று, முக்கால். மூன்றாவது: ஒன்றேமுக்கால், ஒன்றரை, ஒன்றேகால்.

ஹார்க்னெஸ் உன் அறிக்கையையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் எதிரிலேயே சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் இறங்குது. கடைசியிலயும் இறங்கிட்டுதான் இருக்கு. நிலம் குப்புறக் கவுந்திருக்குன்னு அவரே எழுதியிருக்காரு. அப்போ பாறையோட கால் மேல போயிடுச்சு, செம்பைத் தாண்டி வந்துட்டோம். கீழ இனி என்ன இருக்கப் போகுது? ரிக்கை எடுத்துடலாம்."

உன் அழகான மடிப்பே உன் குழிக்கு மண் அள்ளிப் போடுகிறது, புரிகிறதா?

நான் அந்தத் தாளை டைப் அடித்தேன். அடித்துவிட்டு எடுக்க மனம் வரவில்லை. இறங்குகிறது, தாவி ஏறுகிறது, இறங்குகிறது, தாவி ஏறுகிறது. ஒவ்வொரு தாவலும் சரியாக மூன்றாவது மீட்டர் முடியும் இடத்தில். ஜைரோஸ், உன் குழாயின் நீளம் மூன்று மீட்டர் என்று எண்பது கோடி வருஷத்துக்கு முன் அந்தக் கடலுக்கு யார் சொன்னது?

இப்போது ஒவ்வொரு குழாயையும் திருப்பிப் போடு. கால், அரை, முக்கால். முக்கால், ஒன்று, ஒன்றேகால். ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால். படிக்கட்டுப்போல, குழி நின்ற இடம்வரை செம்பு ஏறிக்கொண்டே போகிறது. உன் வரிகளும் அப்போது நிமிர்ந்துவிடும். கவிழ்ந்தது நிலம் இல்லை, எலி தின்னி. உன் பெட்டி.

குழாய்க்குக் குழாய் முறிந்த முனைகளைப் பொருத்திப் பார். உண்மை பல்லைக் காட்டும். எலி பிடிக்கிற அவசரத்தில் வாலையும் தலையையும் மாற்றிப் பிடித்துவிட்டாய் போலிருக்கிறது!

ப்ரிஸ்கா


லுங்கேஷி
3 அக்டோபர் 1974

மதிப்பிற்குரிய திருமதி கபெம்ப்வா அவர்களுக்கு,

தங்கள் 30ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

கடைசி மூன்று குழாயும் என் நேரடி மேற்பார்வையில் அடுக்கப்பட்டவை. இருபத்தாறு வருஷ அனுபவத்தில் பெட்டியின் தலை எது, கால் எது என்பது எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்து எண்களை ஒழுங்காகத் தட்டச்சு செய்வதே கிடங்கின் பணி என்று நினைக்கிறேன். பாறையைப் படிக்கும் பணி இங்கே நடக்கிறது.

தங்கள் அக்கறைக்கு நன்றி.

ஜை. ஷாவா
புவியியல் உதவியாளர்


கிட்வே
7 அக்டோபர் 1974

மதிப்பிற்குரிய திரு. ஷாவா அவர்களுக்கு,

இப்படித்தான் தொடங்கினேன். ஒரு வரிகூட மேலே போகவில்லை. எனக்கு இது வராது, ஜைரோஸ்.

"திருமதி" என்றும் "தங்கள்" என்றும் நீ எழுதியதைப் படித்தபோது முதலில் சிரித்தேன், இதுவும் கேலி என்று நினைத்து. கடைசி வரிவரை போனபோதுதான் சுட்டது. என்னைக் குரங்கு என்று நீ சொன்னதில் ஒரு நாளும் வலித்ததில்லை. தட்டச்சு என்று சொன்னதில் வலித்தது. நான் வந்தபோது கிடங்கில் தேநீர்க் கோப்பை கழுவினேன். கோப்பை கழுவிய தண்ணீரில் கல்லையும் நனைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உனக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் உன் கற்களுக்கு மட்டும் நான் சாப்பாட்டு மணியை மறந்தேன்.

நான் தவறாகவும் இருக்கலாம். நான் நிலத்தையே பார்க்காதவள், எண்களைப் பார்த்துப் பேசுகிறேன். மாதிரிக் கற்களை இங்கே நொறுக்கிவிட்டார்கள். பாதியாக அறுத்து வைத்த மறு பாதி உன் பெட்டியில்தான் இருக்கிறது. உண்மை உன் கையில் மட்டும்தான். ஹார்க்னெஸிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் உன் பெயர் கெடும். கெடுப்பதானால் அதை நீயே செய்துகொள்ள வேண்டும்.

லாரிகள் 14ஆம் தேதி அங்கே வந்து ரிக்கை ஏற்றும். உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒழுங்காகத்தான் செய்தேன்.

இரண்டே இரண்டு கல், ஜைரோஸ். எடுத்துப் பொருத்திப் பார். நான் சொன்னபடி பொருந்தாவிட்டால், என் ஆயுள் முழுக்க உன்னை ஒரு கேலிகூடச் செய்ய மாட்டேன். என் குலத்து உரிமையை உன்னிடம் ஒப்படைத்துவிடுகிறேன். இதைவிடப் பெரிதாக வைத்துச் சூதாட என்னிடம் எதுவும் இல்லை.

பொருந்தினால், ஒரு கோழி.

ப்ரிஸ்கா


லுங்கேஷி
10 அக்டோபர் 1974

ப்ரிஸ்கா,

பொருந்தியது.

அதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உன் கடிதம் நேற்று மத்தியானம் விக்சன் கையில் வந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரிக் பக்கம் போனேன். ஆட்கள் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பி வந்தேன். பெட்டிகள் இருக்கும் கொட்டகையில் நுழைந்து, ஒரு குழாய் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வைத்த அடையாள மரக்கட்டைக்கு இரு பக்கமும் இருந்த இரண்டு துண்டை எடுத்தேன். முனையோடு முனை வைத்தேன். பொருந்தவில்லை. மனசுக்குள் ஒரு குரல், "உடைஞ்ச இடம் தேய்ஞ்சிருக்கும், விடு" என்றது. அது என் குரல்தான். பிறகு முதல் குழாயின் இடது முனைத் துண்டையும், இரண்டாவது குழாயின் வலது முனைத் துண்டையும் எடுத்தேன். வைத்தேன். க்ளிக்.

பூட்டில் சாவி விழுவதுபோல விழுந்தது, ப்ரிஸ்கா. முறிவில் ஒரு சின்ன மூக்கு நீட்டியிருந்தது, அது எதிரே இருந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதேபோல. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சகெனியைக் கூப்பிட்டேன். கோபமாகத்தான் கூப்பிட்டேன், மறைப்பதற்கில்லை.

"நான் என்ன சொன்னேன் உங்கிட்ட?"

"வாய்ப்பக்கம் முதல்ல வரணும்னு சொன்னீங்க."

"அப்புறம் ஏன் மாத்தி வச்சே?"

"மாத்தலியே ஐயா. வாய்ப்பக்கம் வெளிய வந்த கல்லத்தான் முதல்ல வச்சேன்."

"வாய் மேலடா இருக்கு! குழியோட வாய்!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பாவம் இவனுக்கு என்ன ஆச்சு என்பதுபோல. பிறகு பொறுமையாகச் சொன்னார்: "குழிக்கு வாயா? குழி எங்கய்யா திங்குது? குழாய்தானே கல்லத் தின்னுக்கிட்டே இறங்குது. அதோட வாய் கீழ்முனை. எது திங்குதோ அதுதானே வாய்?"

அவருக்கு வாயைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் மொழியில், ஒரே வாக்கியத்தில். தேன்கூட்டின் வாயில் கைவிட்டு அடையை வரிசை மாறாமல் எடுத்து அடுக்கும் மனிதர், சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். ஒரு துண்டு மாறவில்லை. அவ்வளவு ஒழுங்காகத் தவறாக இருந்ததால்தான் நீ எண்களில் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. வேறு யாராவது கலைத்துப் போட்டிருந்தால் இந்தக் குழி செத்தேபோயிருக்கும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் குழாயின் வாயால் கெட்டேன்.

"நேரடி மேற்பார்வை" என்று எழுதியது பொய். உனக்குத் தட்டச்சு என்று எழுதியது அதைவிடக் கேவலமான பொய். மடிப்பை நான் காதலித்துவிட்டேன், ப்ரிஸ்கா. என் பெயர் சொல்ல இந்த உலகத்தில் ஒரு மடிப்பாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். எலிக்குப் பொறியில் வைத்த தேங்காய்போல அது அங்கே இருந்தது.

இந்தக் கடிதம் உனக்குச் சனிக்கிழமை வரும். அதற்குள் லாரிகள் புறப்பட்டிருக்கும். அதனால் நாளைக் காலை ஏழு மணிக்கு, எல்லா முகாமும் கேட்கும் நேரத்தில், நான் ரேடியோவில் பேசப் போகிறேன். ஹார்க்னெஸ் சகெனியை வேலையை விட்டு அனுப்பச் சொல்வார். அது நடக்காது, தவறு என்னுடையது என்றுதான் சொல்வேன்.

கோழியைப் பிடிக்கச் சொல்லிவிட்டேன்.

ஜைரோஸ்


கிட்வே
14 அக்டோபர் 1974

எலி தின்னிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஆனால் உன் குரல் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. நான் ரேடியோ அறையில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் இங்கே எப்படிக் கேட்டது என்று சொல்கிறேன்.

ஒன்பது முகாமும் வரிசையாக டீசல், மாவு, மருந்து என்று சொல்லி முடித்தன. கடைசியில் நீ.

"லுங்கேஷி பேசறேன். கல்லப் பத்திப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. இது கல்லப் பத்தி இல்ல, என்னப் பத்தி. கடைசி மூணு குழாயும் பெட்டியில தலைகீழா இருக்கு. என் தப்பு. அடுக்கினவரு நான் சொன்னதத்தான் செஞ்சாரு. மடிப்பும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. பாறையோட கால் இன்னும் கீழ இருக்கு. லாரிய அனுப்பாதீங்க."

பிறகு ஏதோ ஒரு முகாமில் ஒருவன் சிரித்தான். அப்புறம் இன்னொருவன். "ஷாவா, உன் படுக்கையில தலைமாடு எந்தப் பக்கம்னு பாத்துக்கோ!" என்றது ஒரு குரல். எனக்கு முகம் எரிந்தது, நீ அங்கே எப்படி நின்றுகொண்டிருப்பாய் என்று நினைத்து.

ஹார்க்னெஸ் மைக்கை எடுத்தார். "தலைகீழ்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிக்கல. ப்ரிஸ்கா கபெம்ப்வா கண்டுபிடிச்சாங்க. எண்ணப் பாத்தே. நீங்க டைப் அடிக்க வச்சிருக்கீங்களே, அவங்கதான்."

ஜைரோஸ், அந்த அறையில் இருந்த நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பதிவேட்டில் "லுங்கேஷி, 7.20" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை, கண் மறைத்துவிட்டது. உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள உனக்கு ஆயிரம் வழி இருந்தது. நீ என் பெயரை ஒன்பது முகாமுக்கும் சொன்னாய். நான் கோபக்காரி இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் இதை மறக்கவும் மாட்டேன்.

ஹார்க்னெஸ் என் பக்கம் திரும்பி, "காட்டுங்க" என்றார். தாளை எடுத்து வந்து, ஒவ்வொரு குழாயையும் திருப்பி எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. தன் காதில் வந்து விழாததைத் தேடிக் கேட்காத மனிதர், அவ்வளவுதான். "முப்பது மீட்டர். மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிக்கணும். அதுக்கு மேல ஒரு அடி கிடையாது" என்றார். லாரிகளை வழியில் சோல்வெசி ஊரிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கழற்றியதை மாட்டு. சகெனியை அனுப்பச் சொல்லவில்லை. அவரைப் பற்றி நானும் பேச்சை எடுக்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எந்த வாய் என்று தெரிந்த பிள்ளை இன்னும் நன்றாகப் பிழைக்கும்.

ப்ரிஸ்கா


லுங்கேஷி
31 அக்டோபர் 1974

குரங்கு தின்னி, என் குலத்து எதிரி, கண்ணுள்ளவளே,

இருநூற்று எழுபது. முடிந்தது. முந்தாநாள் இந்த வருஷத்தின் முதல் மழை வந்தது. வெளியெல்லாம் சேறு, ரிக்கின் சக்கரம் முழங்கால் ஆழம் புதைந்து கிடக்கிறது. யாருக்கும் கவலை இல்லை.

இருநூற்று நாற்பத்தேழில் கல்லில் பொட்டுப் பொட்டாகச் செம்புத்தாதின் மஞ்சள் வந்தது. ஐம்பத்தைந்தில் அந்த மஞ்சளுக்குள் ஊதா ஏறியது. அறுபதில் ரிக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். களிப்பாறையின் ஒவ்வொரு வரியிலும் செம்பு ஓடுகிறது, மயில் கழுத்துப் பட்டுக்குக் கரை போட்டதுபோல. வெட்டின வாசனை மாறுவதற்குள் காற்றுப் பட்டு நீலமும் ஊதாவும் பச்சையுமாக நம் கண்முன்னே நிறம் மாறுகிறது. எட்டு மீட்டர் அப்படி! பிறகு களிப்பாறை முடிந்து வெள்ளை மணற்பாறை. அதுதான் கால். நீ சொன்ன இடத்தில், நீ சொன்னபடி, தரையை ஊன்றி நின்றுகொண்டிருந்தது. நிலம் கவிழவே இல்லை, ப்ரிஸ்கா. எண்பது கோடி வருஷமாக அது பாட்டுக்கு நிமிர்ந்துதான் இருந்திருக்கிறது.

ஆட்கள் கத்தினார்கள். நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் கை காட்டிய ஓர் இடம். அதை நானே புதைக்கப் பார்த்தேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு தகரக் கூரைக்கு அடியிலிருந்து. உன்னைப்போலப் பாறையைப் படிக்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. இதைக் கேலி கலக்காமல் ஒரு முறை சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது, சொல்லிவிட்டேன். இனி எதிர்பார்க்காதே.

கடைசிக் குழாய் ஏறியபோது சகெனி கல்லைக் கழுவி வைத்துக்கொண்டு, அடுக்காமல், என்னையே பார்த்து நின்றார்.

"ஐயா, இன்னிக்கு எந்த வாய்?"

முகாமே சிரித்தது. நானும்தான்.

பெட்டியோடு கோழியும் வருகிறது. விக்சன் முனகுகிறான்.

கோபப்பட்டுத் தோற்றவன்,
ஜைரோஸ்


கிட்வே
4 நவம்பர் 1974

எலி தின்னிக்கு,

கோழி வந்து சேர்ந்தது. வழியில் உன் கடைசிப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து ஒரு முட்டையும் இட்டிருக்கிறது, சரியாக இருநூற்று அறுபத்திரண்டாவது மீட்டரில். உன் குலத்துக் கோழிக்குக்கூட எங்கே செம்பு கனம் என்று தெரிகிறது; உனக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வு முடிவு அடுத்த வாரம்தான் வரும். ஆனால் ஹார்க்னெஸ் கல்லைப் பார்த்தபின் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. மே மாதம் சாலை காய்ந்ததும் இரண்டு ரிக் அங்கே வரும். வெளியைச் சுற்றி ஆறு குழி. இடம் குறிப்பது நீ. "மாதிரிகள் எடுக்கும்போது கபெம்ப்வாவும் அங்க இருக்கட்டும்" என்றார். தட்டச்சு இயந்திரத்தை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார்.

மூன்றாவது குழியின் கடைசித் தாளை இன்று அடித்தேன். தாளின் அடியில் "பாறையைப் படித்தவர்" என்று ஒரு கோடு இருக்கும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கோட்டின்மேல் மற்றவர்கள் பெயரை அடித்திருக்கிறேன். இன்று உன் பெயரை அடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்திலேயே என் பெயரையும் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஒழுங்காகத் தட்டச்சு செய்வதே கிடங்கின் பணி.

கோழியை அறுக்கப்போவதில்லை. நீ மறுபடி கோபப்பட்டு அதற்கு ஒரு துணை அனுப்புவாய் என்று அதற்குச் சொல்லியிருக்கிறேன்.

மே மாதம் வருகிறேன். அந்த மரமில்லாத வெளியில், மூன்றாவது குழியின் வாய்ப்பக்கம் நின்று என்னை வரவேற்க வேண்டும். எந்த வாய் என்று சகெனியைக் கேட்டுக்கொள்.

ப்ரிஸ்கா